சாய்த்துப் பார்த்தல்

எங்கள் லைனில் மும்முனை மின்சாரம்
ராத்திரி பதினொன்றுக்குத்தான் வரும்.
மோட்டார் போட நான் இறங்கினால்
எனக்கு முன்னால் போகும் பவுன்.
அன்றைக்கும் முன்னால்தான் போனது.

வரப்பில் குக்கர் விசில் மாதிரி ஒரு சீறல்.
பவுன் ஒரே ஒரு தடவை கத்தியது.
டார்ச் வெளிச்சத்தில் சங்கிலி சங்கிலியாய் ஒரு முதுகு
அவசரமே இல்லாமல் தாளடிக்குள் இறங்கிப் போனது.
என் காலுக்கும் அதன் மூக்குக்கும் நடுவே
இரண்டு முழம் இருந்திருக்கும்.

ஹாஜா மைதீன் குட்டியானையைக் கொண்டுவந்தார்.
சாயங்காலம் வைக்கோல் ஏற்றிய வண்டி,
பின்னால் மெத்தை தானாகவே இருந்தது.
நீடாமங்கலம் கேட் அடைத்துக் கிடந்தது.
நெல் ஏற்றிய கூட்ஸ், நாற்பத்திரண்டு பெட்டி.
எண்ணாமல் இருக்க முடியவில்லை.
அதற்குள் பவுனின் முகம்
வேறு ஏதோ நாயின் முகமாகிவிட்டது.
"கேட்டுக்கு நாயும் ஒண்ணு, கலெக்டரும் ஒண்ணு"
என்று சொல்லிக்கொண்டே ஹாரன் அடித்தார் ஹாஜா.

ஒரத்தநாடு கால்நடை ஆஸ்பத்திரியில்
தூங்கி எழுந்த முகத்தோடு டாக்டர் ரெஜினா.
பாம்பைப் பார்த்தீங்களா என்று கேட்டார்.
எத்தனை மணிக்கு என்று கேட்டார்.
நாய்க்குப் போய் இவ்வளவு தூரமா என்று
கேட்கவே இல்லை.
அதற்குத்தான் வழி நெடுக
பதில் தயார் செய்துகொண்டு போயிருந்தேன்.

முன்காலில் கொஞ்சம் ரத்தம் எடுத்தார்.
கண்ணாடிக் குழாயில் விட்டு நிறுத்தினார்.
ஆட்டக் கூடாது. இருபது நிமிடம்.
உறைந்தால் பிழைத்தோம்.
ஓடினால் விஷம் ரத்தத்தில் இருக்கிறது.

குட்டி குறுக்கே நின்றுபோன வெள்ளாட்டின் காதில்
ஏதோ கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார் ஒருவர்.
கல்யாண ரிசப்ஷனிலிருந்து நேராக
கும்பகோணத்துக் காரில் வந்த அம்மாள்
பட்டுப் புடவை மடியில் பூனைக் கூடை.
மூன்று நாளாய் மூத்திரம் போகவில்லையாம்.
எது கடிச்சது என்று என்னிடம் கேட்டார்.
கண்ணாடி விரியன் என்றதும்
நான் கையோடு கொண்டுவந்ததுபோல
கூடையை நகர்த்தி வைத்துக்கொண்டார்.
பிறகு அவரே பிளாஸ்க்கைத் திறந்து
காப்பி ஊற்றிக் கொடுத்தார்.

உரிமையாளர்: செங்கமலம்.
நோயாளி: பவுன்.
எடை பத்தொன்பது கிலோ,
எங்கள் வீட்டு ரேஷன் அரிசியைவிடக் கொஞ்சம் குறைவு.

மடை திறந்து ஓடுவதை
ஆசை ஆசையாய்ப் பார்த்தே பழகியவள் நான்.
எதுவும் ஓடிவிடக் கூடாதென்று
அன்றுதான் முதன்முதலில் வேண்டினேன்.

டாக்டர் குழாயைச் சாய்த்தார்.
ரத்தமும் சாய்ந்தது.

மனிதருக்குப் போடும் அதே மருந்துதான்.
எத்தனை குப்பி ஆகும் என்றேன்.
"முதல்ல ஆரம்பிப்போம்" என்றார்.
ஹாஜா டீசல் காசை எண்ணாமல் மேசையில் வைத்தார்.
என் காதில் அரைப் பவுன் இருந்தது.
விடிந்தால் மன்னார்குடியில் அடகுக் கடை திறக்கும்.

விடியும் நேரம் இரண்டாவது குழாய்.
பாதி கூழ், பாதி தண்ணீர்.
மத்தியானம் மூன்றாவது.
தலைகீழாய்க் கவிழ்த்தார்.
விழவில்லை.

அழுதது நான் இல்லை, பூனைக்கார அம்மாள்தான்.
தன் பூனைக்கா, என் நாய்க்கா, கேட்கவில்லை.

"இனிமே கிட்னிதான் பயம்.
ஒரு வாரம் மூத்திரத்தோட நிறத்தைப் பாருங்க.
காப்பி நிறம்னா உடனே கூப்பிடுங்க."

இப்போது தெருவே பார்க்கிறது:
ஒரு நாய் போகுமிடமெல்லாம்
குனிந்து குனிந்து பின்னால் போகிறாள் ஒருத்தி,
கையில் வெள்ளைக் கிண்ணத்தோடு.
பவுனுக்குக் கூச்சம்.
காலைத் தூக்கும், என்னைப் பார்க்கும், இறக்கிவிடும்.
நான் வேலி ஓணானைப் பார்ப்பதுபோல்
முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

போன் அடிக்கிறது.
"என்ன நிறம்?"
"இருங்க டாக்டர், இன்னும் போகல."